எண்ணெய் கிடைத்துவிட்டது, இனி என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பகுதியில் எண்ணெய் கிடைத்தது என்ற செய்தி வந்ததும் எழும் கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை கிடைக்குமா, நிலம் போய்விடுமா, காசு யார் கைக்குப் போகும்? 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் 69 அடி ஆழத்தில் எண்ணெயைத் தொட்டதிலிருந்து இந்தக் கதை உலகம் முழுக்கப் பல முறை நடந்து முடிந்திருக்கிறது. அதனால் பதிலுக்கு ஊகம் அவ்வளவாகத் தேவையில்லை, நடந்ததைப் பார்த்தாலே போதும். நான் கவனித்தவரை, ஒரு பகுதியின் தலையெழுத்தை மாற்றும் காரியங்களில் பெரும்பாலானவை முதல் பீப்பாய் வெளியே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஆகவே ஆரம்பக் கட்டத்துக்குத்தான் இங்கே அதிக இடம்.

எண்ணெய் இருப்பதாக அறிவித்துவிட்டார்கள். பணம் எப்போது வரும்?

நினைப்பதைவிடத் தாமதமாக. முதல் கிணற்றில் எண்ணெய் தெரிந்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க இன்னும் பல கிணறுகள் தோண்ட வேண்டும். அப்புறம் திட்டம், கடன், குழாய்ப்பாதை, துறைமுகம்.

தென் அமெரிக்காவின் கயானாவில் 2015 மே மாதம் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது, 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. இந்தத் தொழிலில் இது மின்னல் வேகம். உகாண்டாவில் 2006-ல் எண்ணெய் கிடைத்தது. பதினைந்து ஆண்டு கழிந்தும் அங்கே வணிக உற்பத்தி தொடங்கவில்லை. கடல் இல்லாத நாடு, அதோடு அங்குள்ள எண்ணெய் மெழுகுத்தன்மை கொண்டது. குழாயில் ஓட வேண்டுமென்றால் வழியெல்லாம் சூடாக்கிக்கொண்டே போக வேண்டும். தான்சானியக் கடற்கரை வரை 1,443 கிலோமீட்டருக்கு அப்படி ஒரு குழாய் போட யார் பணம் கொடுப்பது என்ற பேச்சிலேயே பல ஆண்டுகள் போயின.

அதுவரை ஊரில் ஒன்றும் மாறாதா?

இந்தக் காலத்தில்தான் மாற்றமே தொடங்குகிறது. எண்ணெய் வர வேண்டியதில்லை, வரப்போகிறது என்ற நம்பிக்கையே போதும்.

சாவோ தோமே பிரின்சிப்பி என்ற சின்னத் தீவு நாட்டைப் பாருங்கள். பக்கத்துக் கடலில் எண்ணெய் இருக்கிறது என்ற எதிர்பார்ப்பில் 2001-ல் நைஜீரியாவுடன் கூட்டுக் கடற்பகுதி ஒப்பந்தம் போட்டது. 2003-ல் அங்கே ராணுவக் கலகம் நடந்தது. வரப்போகும் எண்ணெய்ப் பணத்தைப் பற்றிய மனக்கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது. வணிக அளவில் எண்ணெய் மட்டும் வரவே இல்லை.

மொசாம்பிக்கில் கிடைத்தது எரிவாயு என்றாலும் கதை இதே கதைதான். 2010 வாக்கில் வடக்குக் கடலில் பெரிய வயல்கள் தெரிந்தன. எரிவாயுக் காசு வந்ததும் அடைத்துவிடலாம் என்ற தைரியத்தில் 2013, 2014-ல் அரசு சார்ந்த நிறுவனங்கள் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. சூரை மீன் பிடிக்கும் படகுகளும் கடலோரக் காவல் கப்பல்களும் வாங்குவதாகக் கணக்கு. கடனில் பெரும்பகுதியை நாடாளுமன்றத்துக்கே சொல்லவில்லை. 2016-ல் வெளியே வந்தபோது உதவி கொடுத்துவந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள், நாணயத்தின் மதிப்பு சரிந்தது. எரிவாயு அப்போது இன்னும் கடலுக்கடியில்தான் இருந்தது.

ஊரில் வாடகையும் விலைவாசியும் ஏன் ஏறுகின்றன?

நல்ல சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான பேர் சில மாதங்களில் வந்து இறங்குகிறார்கள். வீடுகள் அவ்வளவு வேகத்தில் முளைப்பதில்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வில்லிஸ்டன் என்ற ஊரில் 2010 கணக்கெடுப்பில் 14,716 பேர் இருந்தார்கள், 2020-ல் 29,160 பேர். நடுவில் 2014 வாக்கில் சின்ன அடுக்ககங்களுக்கான வாடகை நியூயார்க்கையே மிஞ்சியது என்று செய்தி வந்தது. இடம் கிடைக்காதவர்கள் கடை வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள்ளேயே படுத்தார்கள். ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகக் கன்டெய்னர் அறைகள் வைத்து ஆண்களுக்கான முகாம்கள் எழுந்தன.

இதில் அடிபடுவது எண்ணெய் வேலைக்குப் போகாதவர்கள். சொந்த வீடு இருப்பவருக்கு யோகம். வாடகை வீட்டில் இருக்கும் ஆசிரியர், செவிலியர், ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் ஆகியோருக்குச் சம்பளம் அதேதான், செலவு மட்டும் இரட்டிப்பு. ஆசிரியர் ஊரை விட்டுப் போகிறார். உணவகத்தில் பாத்திரம் கழுவ ஆள் இல்லை, ஏனென்றால் லாரி ஓட்டினால் மூன்று மடங்கு கிடைக்கிறது.

என் நிலத்தடியில் இருக்கும் எண்ணெய் என்னுடையதுதானே?

அமெரிக்காவில் பல இடங்களில் ஆம். அங்கேயும் மேல்நிலம் ஒருவருக்கும் அடியில் உள்ள கனிம உரிமை இன்னொருவருக்கும் என்று பிரிந்து கிடப்பது சகஜம். தாத்தா காலத்தில் கனிம உரிமையை விற்றிருந்தால், இன்று பேரனின் தோட்டத்தில் ரிக் (துளையிடும் கோபுரம்) நிற்கும், ராயல்டி, அதாவது எடுக்கும் எண்ணெய்க்கான உரிமைப் பங்கு, வேறொருவர் கணக்கில் ஏறும்.

உலகின் மற்ற பெரும்பாலான நாடுகளில் நிலத்தடி எண்ணெய் அரசுக்குச் சொந்தம். நைஜீரியாவில் 1969-லேயே பெட்ரோலியச் சட்டம் அதைத்தான் சொன்னது. உங்களுக்குக் கிடைப்பது மேல்நிலத்துக்கான இழப்பீடு. மரத்துக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டா இல்லாமல் பரம்பரையாக மேய்த்த நிலமும் மீன் பிடித்த ஓடையும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்குமா?

கட்டுமானம் நடக்கும் இரண்டு மூன்று வருடம் கிடைக்கும். சாலை, குழாய் பதிப்பு, சமையல், காவல், வாகனம் என்று ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள். குழாயை மண்ணால் மூடியதும் அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். உற்பத்திக் கட்டத்தில் எண்ணெய் என்பது ஆள் குறைவாகவும் இயந்திரம் அதிகமாகவும் கேட்கும் தொழில். கயானாவின் எண்ணெய் கரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, ஒரு கப்பலில் ஏறி, அங்கிருந்தே வேறொரு கப்பலுக்கு மாறிப் போய்விடுகிறது. நாட்டின் பொருளாதாரம் 2022-ல் மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அந்த எண்ணைப் பார்த்து வீட்டுக்கு வீடு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

எடுபிடி வேலையைத் தாண்டி நிற்கும் வேலை வேண்டுமென்றால் வெல்டர், மின்பணியாளர், இயந்திரப் பராமரிப்பாளர் என்று சான்றிதழோடு ஆட்கள் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்த அன்றே தொடங்கினால்தான் உற்பத்தி தொடங்கும் நாளுக்குத் தயாராக முடியும்.

ஒரு பீப்பாயில் நாட்டுக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கயானா 2016-ல் போட்ட ஒப்பந்தத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். எண்ணெய் 100 டாலருக்கு விற்றது என்று வையுங்கள். தோண்டிய செலவைக் கழித்துக்கொள்ள நிறுவனம் 75 டாலர் வரை எடுக்கலாம். மீதி 25 லாபம். அதை நாடும் நிறுவனமும் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 12.50. அதோடு 2 சதவீத ராயல்டி. ஆரம்ப ஆண்டுகளில் நூறு டாலருக்கு நாட்டின் கையில் 14.50. நிறுவனத்தின் வருமான வரியும் அரசின் பங்கிலிருந்தே கட்டப்பட்டதாகக் கணக்காகிறது. செலவு கழிந்து முடிய முடிய நாட்டின் பங்கு கூடும் என்பது நிறுவனத் தரப்பு வாதம். அது உண்மைதான். ஆனால் அந்தச் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்ய அரசிடம் ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த நாள் முன்னே வரும், அல்லது தள்ளிப்போகும்.

நார்வேயில் எண்ணெய் நிறுவன லாபத்தின் மேல் வரி 78 சதவீதம். புதிதாகக் கண்டுபிடிக்கும் நாடு அந்த விகிதத்தைக் கேட்டால் நிறுவனங்கள் எழுந்துபோய்விடும் என்று சொல்வார்கள். ஒரு கிணறும் நிரூபிக்கப்படாத நிலையில் அதில் நியாயம் உண்டு. நிரூபணமான பிறகும் அதே சலுகையைத் தொடர்வதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

‘டச்சு நோய்’ என்கிறார்களே, அது என்ன?

1959-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்றுமதிப் பணம் கொட்டியது. அதே காலத்தில் அந்த நாட்டின் தொழிற்சாலைகள் தளர்ந்தன. 1977-ல் ஒரு பிரிட்டிஷ் வார இதழ் இதற்கு இந்தப் பெயரை வைத்தது.

நடப்பது இதுதான். எண்ணெயை வாங்க வெளிநாட்டுப் பணம் உள்ளே வருகிறது, உள்ளூர் நாணயத்தின் மதிப்பு ஏறுகிறது. அதனால் உள்ளூரில் விளைந்ததும் செய்ததும் வெளியே விலை கூடித் தெரிகின்றன, வாங்க ஆளில்லை. வெளியிலிருந்து வருவது மலிவாகிவிடுகிறது. நிலக்கடலை போட்டவர் கணக்குப் பார்க்கிறார், கட்டுப்படியாகவில்லை. மகன் நகரத்துக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் நிலம் சும்மா கிடக்கிறது.

நைஜீரியாவின் கானோ நகரில் ஒரு காலத்தில் நிலக்கடலை மூட்டைகளைப் பிரமிடு போல அடுக்கி வைத்திருப்பார்கள். தபால்தலையில்கூட அந்தக் காட்சி வந்தது. 1970-களின் எண்ணெய்க் காலத்தில் அந்தப் பிரமிடுகள் மறைந்தன. வறட்சி, பயிர்நோய், கொள்முதல் வாரியத்தின் குறைந்த விலை எல்லாம் சேர்ந்துதான் காரணம். ஆனால் எண்ணெய்ப் பணம் இருந்ததால் விழுந்த விவசாயத்தைத் தூக்கி நிறுத்த யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. வெனிசுவேலாவில் 1922 டிசம்பரில் கபிமாஸ் பக்கம் ஒரு கிணறு பீய்ச்சியடித்தது. அதற்கு முன் காப்பியும் கொக்கோவும் விற்றுப் பிழைத்த நாடு அது. சில ஆண்டுகளிலேயே எண்ணெய் முதலிடத்துக்கு வந்தது, காப்பித் தோட்டங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வரி இல்லாமல் அரசு நடந்தால் மக்களுக்கு நல்லதுதானே?

பையைப் பார்த்தால் நல்லது. ஆனால் வரி வாங்கும் அரசு, வரி கட்டுபவருக்குக் கொஞ்சமாவது பதில் சொல்லியாக வேண்டும். எண்ணெய் நிறுவனத்திடமிருந்து மொத்தமாகக் காசு வாங்கும் அரசுக்கு அந்தத் தொல்லை இல்லை. மக்களும் ‘என் வரிப்பணம்’ என்று கேட்பதை விட்டு ‘என் பங்கு’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அரசு வேலை, மலிவு பெட்ரோல், மானியம் இவையே உரிமையாகிவிடுகின்றன. நைஜீரியா 2012 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது நாடே தெருவுக்கு வந்தது. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு பெட்ரோலை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு அது. எண்ணெய் விளையும் நாட்டில் தங்களுக்குக் கிடைத்த ஒரே பங்கு அந்த மலிவு பெட்ரோல்தான் என்று மக்கள் நினைத்தார்கள். அது தவறு என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

எண்ணெயால் நல்லதே நடக்காதா?

நடக்கும். எண்ணெய் ஒரு சாபம் என்று பேசிப் பேசி இதை மறந்துவிடுகிறோம்.

பஹ்ரைனில் எண்ணெய்க்கு முந்தைய தொழில் முத்துக்குளிப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நாளில் பல முறை கடலுக்குள் இறங்கும் குளியாள், படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கியிருப்பான். பருவம் முடிந்தால் வட்டி போக மிச்சம் ஒன்றும் நிற்காது. கடன் அடுத்த பருவத்துக்குப் போகும், சில சமயம் மகன் தலையிலும் விழும். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் 1930 வாக்கில் அந்தத் தொழிலை முடக்கின. 1932-ல் எண்ணெய் கிடைத்தது. நிறுவனத்து வேலை கடினமானது, சம்பளம் குறைவு, வெள்ளைக்காரருக்கு ஒரு குடியிருப்பு இவர்களுக்கு ஒன்று என்ற பாகுபாடும் இருந்தது. ஆனாலும் கையில் ரொக்கக் கூலி வந்தது, கடன் கணக்கு இல்லை. ஒரு தலைமுறையில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் எல்லாம் வந்தன.

இன்னொன்றும் வந்தது. ஒரே வேலையிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தால் பேசத் தொடங்குவார்கள். 1938-ல் பஹ்ரைனில் தொழிலாளர் கொந்தளிப்பு, 1946-ல் ஈரானின் அபாதான் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றிப் பெரும் வேலைநிறுத்தம், 1953-ல் சவூதியில் வேலைநிறுத்தம். எண்ணெய் வயல்களில் முளைத்த தொழிலாளர் அரசியல் அந்த நாடுகளின் வரலாற்றில் ஆழமான தடம் பதித்தது.

பின்னாளில் வளைகுடா நாடுகள் வெளியாட்களைக் கொண்டுவந்து வேலையை நடத்தத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கியது. கத்தாரிலும் அமீரகத்திலும் இன்று குடிமக்கள் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மீதிப் பேர் விசா முடிந்தால் கிளம்ப வேண்டியவர்கள்.

பெண்களுக்கு என்ன ஆகிறது?

இதைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. எண்ணெய் வேலைகள் பெரும்பாலும் ஆண்களுக்குப் போகின்றன. டச்சு நோயில் முதலில் மூடப்படுவதோ துணி தைக்கும் ஆலை, விவசாயப் பொருள் பதப்படுத்தும் கூடம் மாதிரி பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடங்கள். இழப்பீட்டுக் காசோலையும் பொதுவாகக் குடும்பத் தலைவன் பெயரிலேயே வருகிறது, நிலத்தில் உழைத்தவள் யாராக இருந்தாலும். முகாம்கள் வந்த ஊர்களில் இரவில் தனியாக நடமாடப் பயப்பட வேண்டியிருக்கிறது என்ற புகாரும் தவறாமல் எழுகிறது.

நிலமும் நீரும் கெடுமா?

எங்கும் கட்டாயம் கெட்டே தீரும் என்று சொல்ல மாட்டேன். கண்காணிப்பு இல்லாத இடத்தில் கெடும். நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் போடோ என்ற ஊர் இருக்கிறது. சதுப்புநிலக் காடும் ஓடைகளும் சூழ்ந்தது, மீனும் சிப்பியும்தான் பிழைப்பு. 2008-ல் ஷெல் நிறுவனத்தின் பழைய குழாய்ப்பாதையில் இரண்டு கசிவுகள். வாரக்கணக்கில் எண்ணெய் ஓடியது. கடல் ஓதம் ஏறும்போது எண்ணெய் காட்டுக்குள் போகும், இறங்கும்போது வேர்களில் படலமாகத் தங்கிவிடும். சதுப்பு மரங்களுக்கு அந்த வேர் வழியாகத்தான் மூச்சு. லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 2015-ல் ஷெல் நிறுவனம் 5.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது.

பக்கத்திலேயே ஓகோனி நிலத்தை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆய்வு செய்து 2011-ல் அறிக்கை கொடுத்தது. ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைவிட 900 மடங்குக்கு மேல் இருந்தது. முழுமையாகச் சீராக 25 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்றது அறிக்கை. இதே மக்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995 நவம்பரில் ராணுவ அரசு தூக்கிலிட்டது.

நார்வே செய்ததை எல்லோரும் செய்யலாமே?

இந்தக் கேள்வி தவறாமல் வரும். நார்வே எண்ணெய் வருமானத்தை ஒரு நிதியில் போட்டு, முழுக்க வெளிநாட்டிலேயே முதலீடு செய்கிறது. நாணயம் வீங்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. 1990-ல் சட்டம், 1996-ல் முதல் தொகை. இன்று உலகப் பங்குச்சந்தைகளில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சராசரியாக ஒன்றரை சதவீதம் அதன் கையில்.

ஆனால் 1969-ல் எக்கோஃபிஸ்க் வயல் கிடைத்தபோதே அங்கே நேர்மையான அலுவலர்களும் வரி வசூலும் நாடாளுமன்றமும் கேள்வி கேட்கும் பத்திரிகையும் இருந்தன. அதிலும் ஒரு அதிர்ஷ்டம் சேர்ந்தது. ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர், மகனின் மருத்துவத்துக்காக 1968-ல் மனைவியின் ஊரான நார்வேக்குக் குடிவந்தார். வேலை தேடி அமைச்சகத்துக்குள் நுழைந்தபோது, எண்ணெய் பற்றி அவ்வளவு தெரிந்தவர் அங்கே யாருமே இல்லை. எடுத்துக்கொண்டார்கள். நார்வேயின் எண்ணெய் நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் பங்கு பெரிது.

சாட் நாட்டில் உலக வங்கி இதே மாதிரி நிதியைச் சட்டமாக எழுதிக் கொடுத்துத்தான் குழாய்ப்பாதைக்கு ஆதரவு தந்தது. 2003-ல் எண்ணெய் வந்தது. 2006 தொடக்கத்திலேயே வருங்காலத் தலைமுறைக்கான நிதியை அரசு ஒழித்துவிட்டது, பணம் படைக்கலம் வாங்கப் போயிற்று. 2008-ல் உலக வங்கி விலகியது. சட்டம் இரண்டு நாட்டிலும் இருந்தது. மீறினால் கேட்க ஆள் ஒரு நாட்டில்தான் இருந்தார்கள்.

பணத்தை நேரடியாக மக்கள் கணக்கில் போட்டால்?

அலாஸ்கா செய்கிறது. 1982-ல் ஆளுக்கு 1,000 டாலரில் தொடங்கி ஆண்டுதோறும் கொடுக்கிறது, குழந்தைக்கும் உண்டு. வறுமை குறைய அது உதவியிருக்கிறது. ஆனால் மாநில வருமான வரியை ஒழித்துவிட்டதால், எண்ணெய் விலை விழும் ஆண்டெல்லாம் பள்ளிக்கா பங்கீட்டுக்கா என்று சண்டை.

எண்ணெய் தீர்ந்தால், அல்லது விலை விழுந்தால்?

விலை முதலில் விழும். 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனது. வில்லிஸ்டனில் அவசரமாகக் கட்டிய அடுக்ககங்கள் காலியாயின.

தீர்ந்துபோவதற்குப் பழைய உதாரணம் பென்சில்வேனியாவின் பிட்ஹோல். 1865-ல் சில மாதங்களில் சுமார் 15,000 பேர் குவிந்தார்கள். ஹோட்டல்கள், நாடக அரங்கம், நாளிதழ் எல்லாம் உண்டு. 1870 கணக்கெடுப்பில் சில நூறு பேர். இருபது லட்சம் டாலருக்குக் கைமாறிய ஒரு நிலம் 1878-ல் 4.37 டாலருக்கு ஏலம் போனது.

நைஜீரியாவில் வணிக அளவில் எண்ணெய் முதன்முதலில் கிடைத்தது ஓலோய்பிரியில், 1956-ல். எழுபதுகளின் இறுதியில் அந்த வயலைக் கைவிட்டார்கள். துருப்பிடித்த கிணற்றுத்தலையும், தோண்டிய மாதமும் சுமார் 12,000 அடி ஆழமும் எழுதிய பலகையும் அங்கே மிஞ்சின.

எங்கள் பகுதியில் இப்போதுதான் பேச்சு தொடங்கியிருக்கிறது. முதலில் எதைக் கேட்பது?

முதலில் தண்ணீர். ரிக் வருவதற்கு முன்பே குடிநீர்க் கிணறு, ஓடை, மண் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, நிறுவனத்தைச் சாராத ஆய்வகத்தில் சோதித்து, தேதியோடு முடிவை வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து நீர் நாறும்போது ‘இது முன்பே இப்படித்தான் இருந்தது’ என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். அப்போது அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

அடுத்து, ஒப்பந்தத்தை முழுதாக வெளியிடச் சொல்லுங்கள். பத்திரிகைக் குறிப்பு போதாது. இழப்பீட்டுப் பட்டியலில் யார் யார் பெயர் வருகிறது, மேய்ச்சல் நிலம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை கேட்கும்போது எண்ணிக்கையை மட்டும் கேட்காமல் எத்தனை வருடத்துக்கு என்றும் கேளுங்கள்.

கடைசியாக, கிணற்றை மூடும் செலவு. சிமென்ட் இறக்கி முறையாக அடைக்க நல்ல காசு ஆகும். அதற்குள் பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்துக்கு விற்றிருக்கும், சின்னது திவாலாகியிருக்கும். அமெரிக்காவில் இப்படி உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் கிணறுகள் பதிவானவை மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். அந்தத் தொகையை முதல் நாளே வைப்பாகக் கட்டச் சொல்லுங்கள். எண்ணெய் வரத் தொடங்கிய பிறகு கேட்டால், முன்பே கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காட்டி முடியாது என்பார்கள்.